எல்லாத் தளத்துக்கும் ஒரே அத்திவாரம்

எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரனைக் காக்கா என்போம். சிரிக்கிற ஊர்க்காரர்கள் இங்கேயே சிரித்து முடித்துக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு சிரிக்க அதிகம் இடமில்லை.

கல்முனைக் கடைத்தெருவில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எனக்கும் காக்காவுக்கும் சின்னக் கந்தோர் ஒன்று இருந்தது. ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மழை வந்தால் ஒழுகும் ஒரு மூலை. இணையத்தளம் செய்து கொடுப்பதுதான் தொழில். சுனாமிக்கு முன்பு அதைச் சொன்னால், "பொம்புளப் புள்ளைக்கு வேற வேல கிடைக்கல்லயா?" என்பார்கள். சுனாமிக்குப் பிறகு அந்தக் கேள்வி நின்றுவிட்டது. உதவி செய்ய வந்த நிறுவனங்கள் தெருவுக்குத் தெரு பலகை மாட்டின. எல்லாருக்கும் ஆட்களைப் பதிய வேண்டும், அதைத் தூரத்தில் இருக்கும் தங்கள் பெரியவர்களுக்குத் திரையில் காட்ட வேண்டும். எங்கள் படிக்கட்டு தேய்ந்தது.

ஒவ்வொரு நிறுவனமும் தன்னைப்போல் வேறில்லை என்ற நினைப்போடுதான் படியேறி வரும். ஒருவர் வீடு கட்டிக் கொடுப்பார், ஒருவர் தோணியும் வலையும் கொடுப்பார், ஒருவர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பை கொடுப்பார். உள்ளே இருக்கும் வேலை ஒன்றேதான். ஆளைப் பதி, படத்தை ஏற்று, தேடு, அச்சடி. அதிலும் தமிழ் எழுத்துரு என்றொரு தலையிடி. ஒரு கந்தோரில் அடித்த தமிழ் அடுத்த கந்தோரில் பெட்டி பெட்டியாகத் தெரியும்.

தொடக்கத்தில் நான் ஒரு தளத்தை அப்படியே கொப்பி பண்ணி, பெயரையும் நிறத்தையும் மாற்றி அடுத்ததைக் கட்டினேன். கெட்டித்தனம் என்று நினைப்பு. ஒன்றில் பிழை கண்டு திருத்தினால் மற்றதெல்லாவற்றிலும் அதே பிழை பல்லிளித்துக்கொண்டு இருக்கும். எதைத் திருத்தினேன், எதைத் திருத்தவில்லை என்று எனக்கே தெரியாமல் போனது. காக்கா ஒரு நாள் முழுக்க யாரோடும் கதைக்காமல் இருந்து, எல்லாத் தளத்துக்கும் பொதுவான பகுதிகளை உருவி எடுத்து ஓரிடத்தில் வைத்தார். கீழே ஃப்ரேம்வேர்க் என்னும் ஆயத்தச் சட்டகம், அதற்கு மேல் எங்கள் பொதுப்பகுதி, அதற்கு மேல் ஒவ்வொரு நிறுவனத்தின் தளம். அந்தப் பொதுப்பகுதிக்கு அத்திவாரம் என்று பெயர் வைத்தோம். அங்கே ஒரு முறை திருத்தினால் போதும், எல்லாத் தளமும் அதை இழுத்துக்கொள்ளும். இணையம் ஒழுங்காக இல்லாத கந்தோர்களுக்குக் காக்கா பென் டிரைவைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போவார். பொத்துவிலுக்கு மட்டும் போகமாட்டார். வழி நெடுக சோதனைச் சாவடி. அங்கே எப்படியாவது இணையத்தில் அனுப்பிவிடுவார்.

அத்திவாரத்துக்கு அவர் ஒரு சட்டமும் வைத்திருந்தார். "எல்லாருக்கும் வேணுமெண்டா இதுக்குள்ள போடு. ஒராளுக்கு மட்டும் வேணுமெண்டா அது அவன்ட வளவுக்குள்ள இரிக்கட்டும். பொதுச் சாமானுக்குள்ள சொந்தச் சாமான் வரப்படாது." நான் எதையாவது அவசரத்துக்கு அதற்குள் செருகினால் கண்டுபிடித்து எடுத்துவிட்டு, சாப்பாட்டு நேரம் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்.

காக்காவின் கதையையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். காக்கா கட்டாரில் வெயிலில் காய்ந்து என் வீட்டைக் கட்டி முடித்துவிட்டுத்தான் தன் கல்யாணத்துக்குத் தலையாட்டினார். காக்காவின் மனைவியான மச்சியின் வீடு கடற்கரையோடு இருந்தது. மாமி, மச்சியின் உம்மா, காக்காவைப் பெறாத மகனாகத்தான் வைத்திருந்தார். கணவாய் மீன் போட்டு ஆணம் ஆக்கினால் முதல் கோப்பை மருமகனுக்கு. பிறகுதான் வீட்டில் மற்றவர்களுக்கு.

கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காக்கா கடைத்தெருவில் நின்றார். வீட்டில் மச்சியும் மாமியும் காக்காவின் ஒரே மகள் சின்னவளும். மச்சியின் மையித்தைப் பின்னேரமே கண்டெடுத்து மையவாடியில் அடக்கினோம். மாமி ஒரு தென்னையில் சிக்கி உயிர் தப்பி ஹயாத்தோடு மிஞ்சினார். அவர் கையில் பிடித்திருந்த சின்னவள் கிடைக்கவில்லை. மூன்று வயதுகூட நிறையவில்லை அவளுக்கு.

தப்பியவர்களைப் பள்ளிக்கூடம் ஒன்றில் வைத்திருந்தார்கள். அங்கே அத்தனை சனத்துக்கு முன்னால் காக்கா மாமியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க ஏன் மாமி கைய விட்டீங்க?"

மாமி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கேட்டிருக்கக் கூடாத கேள்வி. கேட்ட வாயைப் பொத்த அன்று அங்கே யாருக்கும் தெம்பில்லை. அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை. மாமி அக்கரைப்பற்றில் தன் தங்கையோடு போய் இருக்கிறார் என்று கேள்விப்பட்டோம். காக்கா தான் கட்டிய என் வீட்டின் முன்னறைக்கு விருந்தாளிபோல வந்து சேர்ந்தார்.

ஒரு லொறியில் சின்னப் பெண்பிள்ளை ஒன்றை ஏற்றிக்கொண்டு சிங்கள ஊர்களுள்ள அம்பாறைப் பக்கம் போனதைக் கண்டதாக ஒரு கதை ஊருக்குள் வந்தது. கண்டவர் யார் என்று தேடினால் கண்டவரைக் கண்டவர்தான் கிடைத்தார். காக்கா ஆஸ்பத்திரி, புத்த பிக்குகளின் பன்சலை, பிள்ளைகள் இல்லம் என்று ஒன்று விடாமல் அலைந்தார். பிறகு அலைவதை நிறுத்தினார். மனம் ஆறிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ் என்று நாங்கள் நினைத்தோம். எங்கள் உம்மா ஒவ்வொரு நோன்புக்கும் ஒரு பெண் பேசினார். நிந்தவூரில் ஒரு பிள்ளை, வீடு வளவோடு.

"பொறுங்க உம்மா" என்பார் காக்கா.

"என்னத்துக்கு மகன் பொறுக்கிற? ஆம்புளைக்கு ஒரு வீடு வேணாமா? தங்கச்சிட முன்னறையில எவ்வளவு காலம் கிடக்கிற?" என்று உம்மா மூக்கைச் சிந்துவார்.

வேலையிலும் அதே "பொறு"தான். வருஷங்கள் போகப் போக அத்திவாரம் ஒரு சுமையாகிவிட்டது. ஃப்ரேம்வேர்க்கின் புதுப் பதிப்பு வந்தது. பாதித் தளம் பழையதில், பாதித் தளம் புதியதில். ஓரிடத்தில் கை வைத்தால் திருக்கோவிலில் ஒன்று உடையும், அதைச் சரிக்கட்டினால் அக்கரைப்பற்றில் இன்னொன்று. தோணித் திட்டக்காரர் தங்களுடையதைத் தனியாகப் பிரித்துத் தரச் சொன்னார். காக்கா மாட்டேன் என்றார், அவர் வேறிடம் போய்விட்டார். நல்ல மனிதர், சொன்ன நாளில் வருவார். எனக்குக் கொதித்தது.

"ஆளுக்கொரு கொப்பிய குடுத்துத்து நிம்மதியா இரிப்பமே காக்கா! கூட்டுக் குடும்பம் நடத்துறமா நாம?"

"அத்திவாரம் ஒண்டாத்தான் இரிக்கணும்."

"ஏன்?"

"இரிக்கணும்."

கல்லில்கூட நார் உரிக்கலாம், இந்த மனிதரிடம் காரணம் உரிக்க முடியாது. இன்னொன்றும் எனக்குப் பிடிபடவில்லை. ஆளைப் பதியும் இடத்தில் பெயர், வயது, ஊரோடு 'உடலில் அடையாளம்' என்றும் கேட்டு வைத்திருந்தார். பள்ளிக்கூடப் பை கொடுக்க உடம்பில் தழும்பு எதற்கு? வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். "இரிக்கட்டும், ஒரு கரையில கிடக்கட்டும்" என்று மழுப்பிவிடுவார்.

சண்டை முடிந்த வருஷம் கடைத்தெருவில் வெடி கொளுத்தினார்கள், சந்தியில் பாற்சோறு கொடுத்தார்கள். அந்த நாட்களில்தான் பாண்டிருப்பிலிருந்து ஓர் அக்கா எங்கள் படியேறி வந்தார். ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை. சந்தியில் யாரோ கையில் திணித்த பாற்சோற்றை இலையோடு மேசையில் வைத்துவிட்டு, அதைத் திரும்பிப் பார்க்காமலே கதைத்தார். வடக்கில் முகாம்களில் தாய் தகப்பனைத் தவறவிட்ட பிள்ளைகளைப் பதிய வேண்டுமாம்.

"சுனாமி நேரம் நீங்கள் செய்து குடுத்த மாதிரி ஒண்டு. எங்கட பிள்ளையளையும் தேட வேணும் தங்கச்சி."

அந்தக் குரலுக்கு இல்லை என்று சொல்ல யாரால் முடியும்? ஆனால் அவர்களிடம் இருந்தது ஃப்ரேம்வேர்க்கின் எல்லாவற்றிலும் புதிய பதிப்பு. எங்கள் அத்திவாரம் அதில் நிற்காது. நான் முடிவெடுத்துவிட்டேன். காக்கா சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் இதைப் பிரித்து, தனிக் கொப்பியாக்கி, அந்த அக்காவுக்குக் கொடுப்பது. காக்கா ஜும்ஆவுக்குப் போன நேரம் பார்த்து அத்திவாரத்தைத் திறந்து, எதை எடுப்பது எதை விடுவது என்று வரி வரியாகப் பார்த்துக்கொண்டு போனேன்.

ஆளைப் பதியும் இடத்தில் நின்றேன். விவரத்தைச் சேமித்ததும் ஒரு சின்னக் கேள்வி எழுதியிருந்தது. பதிந்தது பெண்பிள்ளையா? பிறந்தது இந்தத் திகதிக்கு ஒரு வருஷம் முன்பின்னாகவா? அடையாளத்தில் புருவமும் தழும்பும் சேர்ந்து இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் ஓம் என்றால் காக்காவுக்கு ஒரு மின்னஞ்சல் போகும். எந்தத் தளம், எந்த ஊர், எந்தப் பதிவு இலக்கம், பிறந்த திகதி, அடையாளம். அவ்வளவுதான்.

அந்தத் திகதி எனக்குத் தெரியும். அன்று ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிய பிள்ளையை முதலில் வாங்கியது என் கை. அந்தத் தழும்பையும் தெரியும். நடக்கப் பழகிய நாளில் கதவுத் தாழ்ப்பாளில் மோதி இடது புருவத்துக்கு மேல் வெட்டிக்கொண்டாள். இரத்தத்தைக் கண்டு மச்சி மயங்கி விழ, தாய்க்குத் தண்ணீர் தெளிப்பதா மகளுக்கு மருந்து கட்டுவதா என்று மாமி ஓடித் திரிந்தார்.

யா அல்லாஹ்! வீடு கேட்டு வந்தவர், வலை கேட்டு வந்தவர், பை வாங்க வந்த பிள்ளை என்று அந்தக் கரை நெடுக யார் எங்கே பதிந்தாலும் என் காக்கா தன் மகளைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். பொதுச் சாமானுக்குள் சொந்தச் சாமான் வரப்படாது என்று எனக்குப் பாடம் எடுத்த அதே மனிதர். முதலில் ஆத்திரம்தான் வந்தது. பிறகு மேசையில் தலையை வைத்து அழுதேன்.

தொழுதுவிட்டு வந்தவர் திரையைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"கண்டுட்டியா?"

"இதுக்காகவா காக்கா வந்த ஆக்களத் திருப்பி அனுப்பினீங்க?"

"பிரிச்சா எல்லாம் ஒவ்வொரு பக்கமாப் போயிரும் தங்கச்சி. ஒரு கொப்பியில இந்த வரி விடுபட்டுப் போனா? அவள் அதிலதான் வந்தாளெண்டா?"

மின்னஞ்சலில் பெயரை ஏன் அனுப்பச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவள் இப்ப வேற பேரோட இரிப்பாள். மறுகா, மத்தவங்கட புள்ளட பேரெல்லாம் நமக்கு என்னத்துக்கு? அது சரியில்ல."

"எப்பயாச்சும் வந்திரிக்கா?"

"இல்ல" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

நான் பிரிக்கவில்லை. இரண்டு தோணியில் கால் வைக்கிற வேலைதான். ஆனாலும் பழைய பதிப்பிலும் புதியதிலும் நிற்கிற மாதிரி அத்திவாரத்தை அடியோடு திருப்பி எழுதினேன். காக்கா பக்கத்தில் இருந்து சோதித்தார். அந்த வரியை நான் தொட்டு அங்கிருந்து இங்கே மாற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பாண்டிருப்பு அக்காவின் தளமும் எங்கள் அத்திவாரத்திலேயே ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து, அங்கே வடக்கில் பதியப்படும் பிள்ளைகளிலும் இவள் இருப்பாளோ என்று எனக்கும் ஒரு நப்பாசை தொற்றிக்கொண்டது. இவள் எப்படி அங்கே போவாள்? புத்திக்குத் தெரியும். மனதுக்கு யார் சொல்வது?

மின்னஞ்சல் வந்தது. வடக்கிலிருந்து அல்ல, பொத்துவிலிலிருந்து. வீட்டுத்திட்டக்காரர் தங்கள் குடும்பங்களைப் புதிதாகப் பதிந்துகொண்டிருந்தார்கள். பெண்பிள்ளை. அதே வருஷம், அதே மாதம். இடது புருவத்தின் மேல் தழும்பு.

காக்கா ஃபோனை என் பக்கம் தள்ளினார், நான்தான் எடுத்தேன். பொத்துவில் கந்தோர்க்காரர் எங்கள் குரல் பழகியவர். தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஓம், அப்படி ஒரு புள்ள இரிக்கி. வயசான பொம்புள ஒராளோட இரிக்கிறதெண்டு பதிஞ்சிரிக்கி. தாய் தகப்பன் போடல்ல. பேரு ஃபோனில சொல்லேலா. நேர வாங்க, வீட்டக் காட்டுறன்."

உம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் மறுநாள் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். அக்கரைப்பற்றில் வண்டி மாற வேண்டும். அடுத்த பஸ்ஸுக்கு நேரமிருந்தது. காக்கா சந்தையடியில் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்தார், நானும் பின்னால் போனேன். சின்னப் பிள்ளைகளின் சட்டைகள் தொங்கின.

"புள்ளைக்கு எத்தின வயசு?" என்றார் கடைக்காரர்.

காக்கா சொன்னார்.

"மெலிஞ்ச புள்ளையா, கொஞ்சம் உடம்பான புள்ளையா? எவ்வளவு உசரம்?"

காக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் கையை நெஞ்சுக்கு நேரே வைத்தார், பிறகு கொஞ்சம் கீழே இறக்கினார், பிறகு மறுபடி ஏற்றினார். கடைக்காரர் வெளிநாட்டிலிருந்து வந்த தகப்பன் என்று நினைத்திருக்க வேண்டும். "பெருசா எடுங்க, வளர்ற புள்ளதானே" என்று சிரித்துக்கொண்டே கட்டிக் கொடுத்தார்.

பொத்துவில் பஸ்ஸில் காக்கா சட்டைப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமே பார்த்திருந்தார். சாவடிகளில் இறங்கி ஏறும்போது அடையாள அட்டையை நீட்டும் கை மட்டும் வேலை செய்தது. ஒரே ஒரு முறை, கோமாரி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார். "தமிழ் மறந்திருந்தா என்ன செய்யிற?" என்றார். படிப்பித்துக்கொள்வோம் என்றேன். தலையாட்டினார்.

கந்தோர்க்காரர் சந்தியில் காத்து நின்றார். அறுகம்பே போகும் பக்கமாக ஒரு வீட்டுத்திட்டம், எல்லாம் ஒரே அச்சில் வார்த்த வீடுகள். பாங்கு சொல்லக் கேட்டதும் அவர் ஒழுங்கை முகப்பில் நின்று கடைசி வீட்டைக் கைகாட்டிவிட்டுப் தொழுகைக்குப் பள்ளிவாசல் பக்கம் போனார். நாங்கள் நடந்தோம். காக்கா ஓடாமல் இருக்கப் பாடுபட்டு நடந்தார்.

வாசலில் பாயை விரித்து ஒரு பெண் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். முதுகு எங்கள் பக்கம். செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

மாமி.

மெலிந்து பாதியாகிப் போயிருந்தார். ஆனால் மாமிதான். காக்கா அப்படியே நின்றுவிட்டார். அவர் முகத்தில் பொங்கிய சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. எனக்கும் அதே எண்ணம்தான் ஓடியது. வேறு யார் கண்டுபிடித்திருப்பார்? கையை விட்டவரே தேடிப் பிடித்துவிட்டார், எங்களோடு இருந்த கோபத்தில் சொல்லாமல் வளர்த்திருக்கிறார். காக்கா மாமியைத் தாண்டி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே இருட்டாக இருந்தது.

மாமி காக்காவைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் ஒழுங்கையைப் பார்த்தார். கையிலிருந்த நெல் சிந்தியது.

"கிடைச்சிட்டாளா மகன்?" என்றார். "கூட்டிட்டு வந்தியா? எங்க? எங்க நிக்கிறாள்?"

நான்தான் சொன்னேன், இல்லை மாமி என்று.

மாமி பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் சிந்திய நெல்லைப் பொறுக்கினார். தங்கையின் வீட்டில் இருக்கப் பிடிக்காமல் இந்த வீட்டுக்கு வந்ததை நெல்லைப் பார்த்தபடியே சொன்னார்.

"பதிய வந்த புள்ள, வீட்டில ஆராரு இரிக்கிறெண்டு கேட்டிச்சி. ஒரு ஆள்தானெண்டு சொல்லத்தான் பாத்தன். ரெண்டு பேரெண்டு பதியக் குடுத்திட்டன். அவள விட்டுப்போட்டுச் சொல்ல எனக்கு வாய் வரல்ல மகன்."

காக்கா பாய்க்கு வெளியே மண்ணில் மாமிக்கு முன்னால் குந்தினார். அவருடைய கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"எனக்கும் வரல்ல மாமி" என்றார்.